கூட்டத்தில் நின்ற பிலோ

24 நவம்பர் 2007, சனி

எழுந்ததும் முதலில் கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. இரவெல்லாம் மழை. ஓடு ஒழுகும் இடம் நேற்றைவிட ஒரு சாண் தள்ளி. வாளியையும் தள்ளி வைத்தாயிற்று. அதற்கப்புறம்தான் பல் விளக்கல், பால், மற்றதெல்லாம். இவர் கட்டிலில் இருந்தபடியே, "நான் நனைஞ்சா இப்படித் தொட்டுப் பாப்பியா ஜெசி" என்றார்.

பள்ளி ஆபீஸ் லீவு. வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, விளக்குத் திரி, பல்லுக்குக் கிராம்பு எண்ணெய்.

பத்து மணி போல ஆல்பர்ட் வந்தான். மில் மூடியதிலிருந்து தம்பி எந்த நேரத்தில் வருவான் என்று சொல்ல முடிவதில்லை. டீ குடித்தான். காலண்டரைப் பார்த்தான். கடைசியில் சொன்னான்: அவன் மனைவி ரெஜினா குவைத்துக்குப் போகிறாளாம். வீட்டு வேலை. அவள் ஊர்ப் பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட்.

"ஜெனி?" என்றேன். அவர்கள் மகள். ஏழு வயது.

"நான் இருக்கேன்ல அக்கா." சுவரிடம் சொன்னான்.

"கேக்கு?"

"கேக்கு ஓடுனா அவ ஏன் போறா."

ரெஜினாவின் கேக்கைத் தெரியாதவர்கள் எங்கள் கோயில் பங்கில் இல்லை. அதுதான் பிரச்சினை. தெரிந்தவர்கள் ஆர்டர் கொடுப்பதில்லை, துண்டு கேட்கிறார்கள்.

சாயங்காலம் அனிதா திறந்து வைத்த பக்கத்தைப் பார்த்தேன். மகள் மதுரை ஹாஸ்டலுக்குப் போகுமுன், எல்லோரும் சேர்ந்திருக்கும் அந்த நட்புத் தளத்தில் 'ரெஜினா கேக்ஸ்' என்று ஒரு கம்யூனிட்டி ஆரம்பித்திருந்தாள். உறுப்பினர் எல்லாம் சொந்தக்காரர்கள். மேலே இங்கிலீஷில் பெரிய எழுத்து: திண்டுக்கல்லின் தலைசிறந்த கேக், உடனே ஆர்டர் செய்யுங்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு பதில், அனிதாவின் தோழி: "சூப்பர் டி."

எங்கேயோ பார்த்த காட்சி மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.


25 நவம்பர், ஞாயிறு

பூசையில் பிரசங்கத்தின் நடுவில் பிடிபட்டது. சாமியார் மன்னிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எழுத்தறிவு நாடகக் குழு. முதல் ஊர். பெயர் மறந்துவிட்டது, சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம். பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவர் முன்னால் வரிசையாக நின்று, "அன்பார்ந்த பொதுமக்களே, எழுத்தறிவின் அவசியம் குறித்து இப்போது நாடகம்" என்று தொடங்கினோம். பொதுமக்கள் என்று இருந்தது இரண்டு ஆடும் தலைவரின் டிரைவரும். அவரும் பீடி வாங்கப் போய்விட்டார்.

இரண்டாவது ஊரில் எங்கள் குழுவின் பழனிச்சாமி அண்ணன் சொன்னார், "மொதல்ல நாற்காலியத் தூக்குங்க. கொழாயடிக்கும் டீக்கடைக்கும் நடுவுல நிப்போம். ஆளு எங்க இருக்கோ அங்க நாம போவணும்." தப்புப் பறையை அடித்தோம். எதைப் பற்றி நாடகம் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் நானும் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டோம், அரிசியில் கல் என்று. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கேக் பக்கத்துக்கும் அதே கோளாறு. நாற்காலிக்கு முன்னால் நின்று அறிவிக்கிறோம்.

அப்படியானால் தளத்தில் குழாயடி எங்கே?

(மதியம் ஆட்டுக்கால் சூப். உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.)


28 நவம்பர், புதன்

தூறல். மூன்று நாளாக, ஆபீஸ் முடிந்து வந்ததும் அரை மணி நேரம் தளத்தில் சும்மா வேடிக்கை. நாடகம் போடப் போகும் ஊரில் முதல் நாள் சும்மா நடந்து பார்ப்போமே, அப்படி.

கண்டுபிடித்துவிட்டேன். திண்டுக்கல்காரர்களுக்கு என்று ஒரு கம்யூனிட்டி. ஆயிரக்கணக்கில் ஆட்கள். சிங்கப்பூர், துபாய், பெங்களூர், நத்தம் ரோடு. எந்தக் கடை பிரியாணி ஒஸ்தி என்று ஒரு சண்டை ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார்கள், வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரிகிறது. படித்துக்கொண்டே இருந்தேன். இவர், "யாரோட பேசிட்டிருக்க" என்று எட்டிப் பார்த்தார்.

நேற்று அங்கே ஒரு கேள்வி போட்டேன், என் பெயரில். விளம்பரம் இல்லை. "ஓவன் இல்லாத காலத்தில் உங்கள் வீட்டில் கேக் எப்படிச் செய்தார்கள்?" அவ்வளவுதான்.

ஒரு நாள் முழுக்க ஒரு பதிலும் இல்லை. விரல் துறுதுறுத்தது, நானே ஒன்று எழுதிவிடலாமா என்று. எழுதவில்லை. கேள்வி கேட்டுவிட்டு நடிகர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அந்த அமைதியைக் கூட்டத்தால் தாங்க முடியாது, யாராவது பேசுவார்கள். இது குழுவில் கற்றது.

இன்று பேசிவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: அலுமினியச் சட்டியில் மணல், மூடி மேல் கங்கு. இன்னொருவர்: மணல் இல்லை, உப்பு. மூன்றாமவர்: உப்பு போட்டால் சட்டி ஓட்டை, எங்க அம்மா அடித்த அடி இன்னும் முதுகில். அதற்குள் யாரோ பிரியாணியைக் கொண்டுவந்தார்கள். பரவாயில்லை. கூட்டம் நிற்கிறது.

கவனித்தது: முதலில் வந்து சத்தமாகச் சிரிப்பவர்கள் காலேஜ் பையன்கள். நாடகத்தில் முன்வரிசைப் பொடிசுகள் மாதிரி. அவர்களால் கலகலப்பு உண்டு, ஆனால் இரவுப் பள்ளிக்குப் பெயர் கொடுப்பது அவர்கள் இல்லை. பின்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பவர்தான் கொடுப்பார். தளத்தில் அந்தச் சைக்கிள்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் எழுதவே மாட்டாரே.


1 டிசம்பர், சனி

மழை இல்லை. பனி. புடவை நான்கு, முற்றத்தில் காய்ந்தது. நாளை கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடக்கம், பாடல் குழு ஒத்திகைக்குப் போகவில்லை, பல்வலி என்று சொல்லி அனுப்பினேன். பல்வலியும் உண்டுதான்.

உண்மைக் காரணம் கீழே.

என் கேள்விக்குக் கீழே இப்போது ஒரு சந்தை. "என் தம்பி மனைவி இப்போதும் வீட்டில் கேக் செய்கிறாள், அவள் பக்கம் இது" என்று மெதுவாகச் சேர்த்தேன். நிறையப் பேர் எட்டிப் பார்த்தார்கள். சிலர் சேரவும் செய்தார்கள். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சைக்கிளில்.

குழுவில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். பிறகு போன ஊர்களில் பழனி அண்ணன் நாடகத்தில் இருக்க மாட்டார், கூட்டத்துக்குள் நிற்பார். அழுக்கு வேட்டி, துண்டு. பாதி நாடகத்தில் சத்தம் போடுவார். "பொட்டப் புள்ள படிச்சு கலெக்டரு வேலைக்கா போவப்போவுது, போங்கடி வீட்டுக்கு." அவ்வளவுதான். கூட்டத்தில் நிஜப் பெண்கள் அவர் மேல் பாய்வார்கள். அதுவரை வாயைத் திறக்காதவர்கள். எங்கள் வசனத்தைவிட நல்ல வசனமாக அவர்களே பேசுவார்கள்.

இன்று மத்தியானம் பிலோமினாவைச் செய்தேன். பிலோ. வயது முப்பத்தாறு, வீடு மலைக்கோட்டைக்குப் பின்பக்கம். மாமியார் உடன் இருக்கிறார். புருஷனுக்குச் சர்க்கரை. படத்துக்கு ஒரு செம்பருத்தி. பிலோவுக்கு என்னைவிட வாய் அதிகம். எதையும் நம்ப மாட்டாள். அவளுக்கு என்று பேச்சு வந்துவிட்டது, உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே அடித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, நாடக வட்டத்துக்குள் போவதற்கு முன்னால் செய்வது போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பிலோ ரெஜினா கேக்ஸில் சேர்ந்து எழுதியது: "முட்டை வாடை அடிக்குமா? எங்க மாமியார் மூக்கு லேசுப்பட்ட மூக்கு இல்ல. முன்னாடியே சொல்லிடுங்க."

ரெஜினாவிடமும் ஆல்பர்ட்டிடமும் சொல்லவில்லை. பழனி அண்ணன் எப்போது கத்துவார் என்று எங்களுக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும்.


4 டிசம்பர், செவ்வாய்

ரெஜினாவுக்கு டைப் அடிக்க வராது. அவள் சொல்லச் சொல்ல ஆல்பர்ட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் ஒற்றை விரலில் அடிக்கிறான். பிலோவுக்கு அவர்கள் பதில்: "வாடை அடிச்சா காசு வேண்டாம். மாமியாரையும் கூட்டிட்டு வாங்க, மோந்து பாத்துட்டே வாங்கட்டும்."

நான் எதிர்பார்க்காத பதில். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிலோ விடவில்லை. ரம் ஊற்றுவீர்களா, ஊற்றினால் சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கலாமா, திராட்சை ஊறப் போட்ட பாட்டிலைப் படம் காட்ட முடியுமா. ரெஜினா சளைக்கவில்லை. "எங்க வீட்ல ரம்மு கேக்குக்குப் போயிச் சேர்றதே அதிசயம், வீட்டுக்காரரு இருக்காருல்ல" என்று அவள் சொன்னதை, ஆல்பர்ட் அப்படியே அடித்திருக்கிறான். தன்னைப் பற்றித்தான் என்பது அடித்த பிறகுதான் உறைத்ததாம்.

இப்போது மற்றவர்கள் நுழைந்துவிட்டார்கள். ஒரு பெண் பிலோவைக் கண்டிக்கிறாள்: "அக்கா, அவங்கள ஏன் இம்புட்டு குடையுறீங்க, நான் வாங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்." வாங்கினாள். சொன்னாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர்.

கூட்டம் நடிகரைப் பார்த்து நகர்வதில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து நகர்கிறது. வியாபாரப் படிப்பு படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அனிதாவைக் கேட்க வேண்டும்.

கேஸ் புக் பண்ணியாயிற்று.


7 டிசம்பர், வெள்ளி

ஆபீஸ் வேலையாகச் சாணார்பட்டி. திரும்பும் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் விதைப் பொட்டலப் பையோடு பழனி அண்ணன். எத்தனை வருஷம்.

"ஏத்தா, ஜெசியா? தலை நரைச்சு மாமியாக்காரி வேஷத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கியே."

"வேஷம் எதுக்குண்ணே. நெசமாவே ஆவப்போறேன், புள்ளைக்கு வயசாச்சுல்ல."

விதையும் பூச்சி மருந்தும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறார். தொண்டை அப்படியே. கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பிலோவைப் பற்றிச் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவரே ஒன்று சொன்னார்.

"அந்த ஊர் ஞாபகம் இருக்கா, பாதி நாடகத்துல மழை பிச்சுக்கிட்டு வந்துச்சே? நான் கத்தி முடிச்சிருந்தேன். வெளிய வரவே இல்ல. நீங்கல்லாம் லாரிக்கு ஓடிட்டீங்க."

ஞாபகம் இருந்தது.

"போன மாசம் அங்க கத்தரி வெதை கொண்டுட்டுப் போனேன். ஒரு பொம்பள மூஞ்சியவே பாக்குறா. 'நீதானய்யா அன்னிக்கு எங்க புள்ளைகளப் படிக்கக் கூடாதுன்ன பாவி. ஒங்கிட்ட வெதை வாங்கி அது மொளைக்கவா'ன்னுட்டா."

"நாடகம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்த்தா. 'ஆமா, இப்பச் சொல்லுவ'ங்குறா."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் இறங்கும்போது, "வாரேன்த்தா, மாமியாக்காரி" என்றார்.

மற்ற ஊர்களிலெல்லாம் கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் வருவார். "நான் பழனிச்சாமி, இந்தக் குழுவுல ஒருத்தன்" என்று கும்பிடுவார். அடிக்க வந்தவர்களே சிரித்துத் தட்டிக்கொடுப்பார்கள். நாடகம் முடிந்தது என்று அர்த்தம் அதுதான்.

பிலோ எப்போது கும்பிடுவாள்? தளத்தில் நாடகம் முடிவதே இல்லையே.

யோசனை. மேலே எழுதவில்லை.


9 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்து ரெஜினா வீடு. வாசல் வரை வெண்ணெய் வாசம். ஜெனி பேப்பர் நட்சத்திரத்துக்குப் பசை தடவிக்கொண்டு, பசை முழுக்கக் கவுனில். ஆல்பர்ட் முந்திரி உடைக்கிறான். சவரம் செய்திருந்தான். தினமும் செய்கிறானாம் இப்போது.

"மதினி, உக்காருங்க. ஏஜென்டு போன் பண்ணாரு. செத்த பொறுங்க, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன்னு சொல்லிட்டேன்" என்றாள் ரெஜினா. கை மாவில் இருந்து நிமிரவில்லை. "இந்த ஓட்டம் ஓடுனா நான் எங்கயும் போவேண்டாம்ல?"

"ஓடும்" என்றேன்.

"எல்லாம் அந்தப் பிலோ அக்கா ஆரம்பிச்சு வச்சதுதான். வாயி கொஞ்சம் கூட, ஆனா நல்ல மனசு. அவுக கேள்வி கேக்கக் கேக்கத்தான எனக்கும் பேச்சு வருது." பிறகு அலமாரியைக் காட்டினாள். வெள்ளைப் பெட்டி ஒன்று, மேலே நாடா. "அவுகளுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். சக்கரை கம்மி, வீட்டுக்காரருக்காக. கோட்டைக்குப் பின்னாடியாம். ஒங்களுக்கு அந்தப் பக்கம் ஆளுகளத் தெரியுமே, யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க மதினி."

விசாரிக்கிறேன் என்றேன்.

ஆல்பர்ட் சொன்னான், "மஸ்கட்டுல இருந்து ஆர்டர் அக்கா. செல்வின்னு. இங்க இருக்குற அவுங்க அம்மாவுக்குக் குடுக்கணுமாம். பிலோ அக்காவ நம்பித்தான் ஆர்டர் போடுறேன்னு எழுதியிருக்கு."

வீட்டுக்கு வந்து வெகு நேரம் பல்வலி மாதிரி ஒன்று. வலித்தது பல் அல்ல.


12 டிசம்பர், புதன்

மேகமூட்டம். ஆபீஸில் அரையாண்டுத் தேர்வுக் கட்டணக் குழப்பம், தலைமையாசிரியை என்னைத் தவிர எல்லோரையும் திட்டினார், அதுவே பெரிது.

பிலோவுக்குத் தனி மெசேஜ். மஸ்கட் செல்வி. பிலோவின் பெயரில் நுழைந்து படித்தேன், பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பிரித்த மாதிரி இருந்தது.

"அக்கா, உங்க எழுத்து பாத்தா மனசில பட்டத பட்டுனு சொல்ற ஆளுன்னு தெரியுது. ஒரு உதவி. எங்க அம்மா தனியா இருக்கு. போன்ல எப்ப கேட்டாலும் நல்லா இருக்கேன்தான். குரல் சரியில்ல. சொந்தக்காரங்களும் அம்மா சொல்லிக்குடுத்தததான் சொல்றாங்க. நீங்க கேக் குடுக்கப் போற சாக்குல ஒரு நடை போயிப் பாத்துட்டு உண்மைய எழுதுங்க. உங்களத் தவிர அங்க எனக்கு யாரும் இல்ல."

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். அங்கே யாரும் இல்லை என்பது உண்மை. பிலோவும் இல்லை.

பதில் போடாமல் விடலாம். ஆனால் ஒரு தாய், குரல் சரியில்லாதவள். போய்ப் பார்த்தால் என்ன? நானாகவே போவேன். கேக் கொடுக்கும் ஆளாக.

பிலோ எழுதினாள்: "போய்ப் பாக்கிறேன்."


15 டிசம்பர், சனி

வெயில் சுள்ளென்று. செல்வியின் தாய் மோனிக்கா அம்மாள் வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். ஓய்வு பெற்ற நர்ஸ். வயது அறுபத்தேழு என்று அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. தலையில் முக்காடு, வீட்டுக்குள்ளும்.

கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் பார்த்தார். "பிலோமினா வரல?"

"நான் கேக் வீட்டு ஆளும்மா. ரெஜினாவோட மதினி."

"அந்தப் பிள்ளை வருவான்னு செல்வி சொன்னா." மேசையில் இரண்டு தட்டு, மிக்சர், ஒரு கண்ணாடி டம்ளரில் மூடி வைத்த ரோஸ்மில்க். "பரவால்ல, நீ குடி. ஈ விழுந்துரும்."

குடித்தேன். பிலோவின் ரோஸ்மில்க்.

கேக்கை வெட்டி வாயில் போட்டார். மென்றார். "எங்க ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருத்தி செய்வா, ஜெர்மன்காரி. அவளுதவிட இது தேவலை. அவகிட்ட சொன்னா தூக்குல தொங்கிருவா, செத்துப்போயிட்டா பாவம்."

நல்ல பேச்சுக்காரி. பக்கத்து வீட்டுச் சேவல், புதிய பங்குச் சாமியாரின் ராகம், பென்ஷன் ஆபீஸ் கிளார்க்கின் மீசை. கேட்டுக்கொண்டே இருக்கலாம். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முக்காடு நழுவியது. காதுக்குப் பின்னால் முடி மழித்து, தையல்.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு. ஒரு மணி நேரம் அங்கனயே கெடந்தேன். அப்பறம் நானே எந்திரிச்சு வந்தேன், என் கையில வேலை பழகுன நர்சுப் பிள்ளைதான் தச்சுவிட்டா. இப்ப தேவலை. செத்த கிறுகிறுன்னு வரும், அம்புட்டுதான்."

"செல்விக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடியாந்துரும். இல்லாட்டி என்னைய அவ அண்ணன் வீட்ல கொண்டுபோயிப் போட்டுரும், அங்க மருமக சீரியல் பாக்குறதுக்கு நான் தொணை." முக்காட்டைச் சரி செய்தார். "நீ வெளியாளு. கேக் குடுத்துட்டுப் போறவ. அதான் ஒங்கிட்டச் சொல்றேன். பிலோமினாகிட்ட மட்டும் சொல்லிப்புடாதம்மா. அவ செல்வியோட கூட்டாளி, அன்னிக்கே எழுதிப் போட்ருவா."

சரிம்மா என்றேன். 

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.


16 டிசம்பர், ஞாயிறு

அனிதா லீவுக்கு வந்துவிட்டாள். துணி மூட்டை. ஒரு வாரத்து அழுக்கு என்றாள், ஒரு மாதத்துடையது.

தளத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, இந்தப் பிலோ ஆன்ட்டி உன்னை மாதிரியே 'லேசுப்பட்ட'ன்னு எழுதுறாங்க."

"ஊர்ல எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்வாங்க. எழுத மாட்டாங்க." கரண்டியை வாங்கி வைத்தாள். "நீதான?"

தலையாட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் தூங்கியவர் விழித்துவிட்டார். வெயிலில் போர்த்தியிருந்தது விலகின மாதிரி எனக்கும் ஒரு நிமிஷம் லேசாகத்தான் இருந்தது. பிறகு செல்வியையும் தையலையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பிலோவ மூடிடும்மா. ஒரே கிளிக். ஆளே இருக்க மாட்டாங்க."

"செல்விக்கு?"

"ஊர விட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க. அம்மா, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்க்கே பாதி கமென்ட் நாங்க போட்டதுதான். யாரும் எந்திரிச்சு நின்னு நான்தான்னு சொல்லிட்டிருக்க மாட்டாங்க."

"சொன்னா?"

"சொன்னா அத்தையோட கேக்க எவன் வாங்குவான்? இருக்கிறது ஒரு வாரம். ஏமாத்துக்காரங்கன்னு ஒரு ஆள் எழுதினாப் போதும், அம்புட்டுப் பேரும் அதையேதான் எழுதுவாங்க. நீதானே சொன்ன, பக்கத்து ஆளப் பாத்து நகருவாங்கன்னு." பிறகு மெதுவாக, "ஜெனி பாவம்மா."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

மூன்று வகையாகவும் எழுதிப் பார்த்தேன், மனசுக்குள். பிலோ உண்மையைச் செல்வியிடம் சொன்னால்: மோனிக்கா அம்மா வெளியாள் என்று நம்பிச் சொன்னதை விற்றதாக ஆகும். அம்மா நன்றாக இருக்கிறார் என்று பிலோ சொன்னால்: அடுத்த முறை அவர் விழுந்து கிடக்கும்போது என் நினைவு வரும். பிலோ மறைந்துபோனால்: செல்விக்கு இங்கே இருந்த ஒரு ஆளும் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் பிலோ நிற்கிறாள். இல்லாதவள் எப்படி இவ்வளவு இடத்தை அடைக்கிறாள்?


17 டிசம்பர், திங்கள்

மறுபடி மழை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கிய வைக்கோல் நனைந்துவிட்டது, அனிதா இஸ்திரிப் பெட்டியால் காய வைக்கிறாள். இவர் கரன்ட் பில்லைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஆல்பர்ட். சைக்கிளில், பின்னால் மூன்று பெட்டி, மேலே பிளாஸ்டிக் தாள். அவன் நனைந்திருந்தான், பெட்டிகள் நனையவில்லை. கோயம்புத்தூரில் ஜனவரிக் கல்யாணம் ஒன்று, மூன்றடுக்குக் கேக் கேட்கிறார்களாம். "அக்கா, ரெஜினா பாஸ்போர்ட்ட எடுத்து பீரோவுக்குள்ள போட்டுட்டா. நேத்து." சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டான்.

வீட்டில் செல்வியின் மெசேஜ்: "போனீங்களா அக்கா? அம்மா நீங்க வரலன்னு சொல்லுது. யாரோ கேக் குடுக்குறவங்கதான் வந்தாங்களாம். நீங்க வராததுக்குக் காரணம் இருக்கும். எப்ப போவீங்க?"

இவ்வளவு நம்பிக்கை எந்த ஊரிலும் எங்கள் குழுவுக்குக் கிடைத்ததில்லை. நாடகம் முடிந்ததும் லாரியேறிப் போகிறவர்கள் நாங்கள்.

ஒன்று புரிகிறது. கூட்டத்துக்குள் ஆள் வைத்ததில் தப்பு இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அது வித்தை. அதனால்தான் ரெஜினாவுக்குப் பேச்சு வந்தது, பிலோ அவளுக்கு ஒரு பதில்கூட எழுதிக் கொடுக்கவில்லை, கேக்கையும் பிலோ சுடவில்லை. தப்பு, நான் வித்தையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதில். வெளியே வந்து கும்பிடும் பாதியை விட்டுவிட்டேன். கும்பிடுவது மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போக வழிவிடுவது அது.

ஆர்டர்கள் நின்றுபோகலாம். ரெஜினா பீரோவைத் திறக்க வேண்டி வரலாம். அப்படி ஆனால் அதற்கு நான்தான் காரணம், ஜெனியின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும். இல்லை, சிரித்துத் தட்டிக்கொடுக்கவும் செய்யலாம். எந்தக் கூட்டம் எதைச் செய்யும் என்று முன்கூட்டித் தெரிந்து யாரும் வட்டத்துக்குள் வந்ததில்லை.

பிலோவை மூடிவிட்டதாக அனிதா நினைத்துக்கொண்டிருக்கிறாள். மூடவில்லை.

நாளை ஆபீஸுக்கு அரை நாள் லீவு. முதலில் மோனிக்கா அம்மாள். நான்தான் பிலோ என்று சொல்லி, விழுந்ததை அவர் வாயாலேயே மகளிடம் சொல்லச் சொல்வேன், போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மதியம் ரெஜினா. அவள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். சாயங்காலம் தளத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், என் பெயரில், செம்பருத்தி இல்லாமல் என் முகப் படத்தோடு எழுதுகிறேன்.